வராண்டாவின் அகலம்

நாற்பத்து மூன்று வயதில், ஒரு கட்டடம் கம்ப்யூட்டர் திரையை விட்டு ஓடிப்போவதைப் பார்த்து அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தூண், உத்திரம், தளம் எல்லாம் கோடு கோடாகப் போட்டு, எடை கொடுத்து, பட்டனை அழுத்தினேன். படம் ஒரு துடிப்புத் துடித்து, திரைக்கு அடியில் எங்கோ போய் மறைந்தது. சிவப்பு எழுத்தில் நாலு வரி திட்டு மட்டும் மிச்சம்.

பக்கத்து மேஜை இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். "அக்கா, கட்டடத்தைக் கீழ பிடிச்சுக்க ஆளே வைக்கலையே நீங்க. சப்போர்ட் குடுக்கணும்" என்றார். அஸ்திவாரம் என்று ஒன்று இருப்பதை நான் மறந்துவிட்டேனாம். இருபது வருஷமாக அஸ்திவாரத்துக்கு டிராயிங் போடுகிறவளிடம் இதைச் சொல்கிறார். பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு நகைக்கடையின் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். மற்றவர்கள் கட்டும் கட்டடம் நிற்குமா என்று கணக்குப் போட்டுத் தருவதுதான் ஆபீஸின் தொழில். நான் டிப்ளமோ. இன்ஜினியர் பென்சிலில் கிறுக்கித் தருவதைச் சுத்தமான டிராயிங்காக மாற்றுவது என் வேலை. கம்பி மேலே என்றால் மேலே போடுவேன், கீழே என்றால் கீழே. ஏன் மேலே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

இப்போது வந்திருக்கிற மென்பொருளில் கட்டடத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிவிடலாம். எடையை ஏற்றினால் எங்கே வளையும், எங்கே விரிசல் விடும் என்று அதுவே நிறம் போட்டுக் காட்டும். நீலம் என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் ஆபத்து. கடைசியில் டிராயிங்கையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். அப்புறம் நான் எதற்கு? "கத்துக்கோங்க அக்கா, டிராயிங் மட்டும்னா அடுத்த வருஷம் கஷ்டம்" என்று அந்த இன்ஜினியர் நல்லவிதமாகத்தான் சொன்னார். என் கடைசித் தம்பி வயதுதான் இருக்கும் அவருக்கு. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன். இரண்டு பேருக்குமே அது கொஞ்சம் கூச்சம்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அரைமணி, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் முக்கால் மணி என்று இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். ஒரு தளத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக அறுத்து, ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று அது கணக்குப் போடும். புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் புரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே அதை நினைத்தால் கண்ணைக் கட்டும். போதும்டா சாமி என்று பலமுறை தோன்றியது. என் இரண்டு பெண்களும் படிக்கிறார்கள். போதும் என்று சொல்ல முடியாது.

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச கட்டடம் ஒண்ணை எடுத்துப் பண்ணிப் பாருங்க அக்கா" என்றார் இன்ஜினியர். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு கட்டடம்தான்.

மந்தைவெளியைத் தாண்டி, அடையாறு கடலில் சேரும் பக்கமாக, அரசு கட்டிக் கொடுத்த நாலு மாடிக் குடியிருப்பு அது. நான் பிறந்ததே அங்கேதான். மூன்றாவது மாடியில் வரிசையாக எட்டு வீடு, எட்டுக்கும் முன்னால் ஒரே நீள வராண்டா. ஒரு வீடு என்பது ஓர் அறையும் அடுப்பு வைக்க ஓர் இடுக்கும். அந்த அறையில் அம்மா, நான், என் இரண்டு பெண்கள். அம்மா மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்குகிறாள். விடிந்ததும் நடந்தே போய், மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்தே திரும்பி வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு வராண்டாவை அளக்க ஆரம்பித்தேன். வராண்டாவுக்குக் கீழே தூண் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடிமானம், மறு பக்கம் அந்தரம். பால்கனி, சன்ஷேடு எல்லாம் இந்த ரகம்தான். மாடல் போட்டுப் பழக இது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"இன்னாடி அளந்துகினு கீற? வூட்ட வெலக்கி வாங்கப் போறியா?" என்றாள் அம்மா.

"ஆபீஸ் வேலம்மா. கம்ப்யூட்டர்ல நம்ம வராண்டாவக் கட்டப் போறேன்."

"அங்கயாவது கொஞ்சம் பெர்சாக் கட்டு" என்றாள். வராண்டாவின் மறு கோடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கடைசி வீட்டு அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஜாக்கெட் கீழே விழுந்துவிட்டது.

அளந்த எண்களை எழுதிக்கொண்டேன். மறக்காமல் இருக்க டேப்போடு போட்டோவும் எடுத்தேன். அகலம் இரண்டரை அடி. மறுநாள் ஆபீசில் அதையெல்லாம் ஏற்றி, மனிதர்கள் நடமாட என்று விதிப்புத்தகத்தில் இருக்கிற எடையைக் கொடுத்து, பட்டனை அழுத்தினேன். இந்த முறை கட்டடம் ஓடவில்லை. சாதுவாக நின்றது. முழுக்க நீலம். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. மொபைலில் படம் பிடித்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன்.

"இன்னாடி இது, இப்டித் தொங்குது!" என்று அலறினாள்.

"அது கண்ணுக்குத் தெரியறதுக்காக எரநூறு மடங்கு பெருசாக் காட்டும்மா. நெசத்துல ஒரு நூல் அளவுகூட எறங்கல. ஒண்ணும் ஆவாது."

"அப்ப உங்க பெரிம்மா பேசற மாரின்னு சொல்லு" என்றாள். எங்கள் பெரியம்மா எதையும் இருநூறு மடங்குதான் சொல்வாள்.

மறுநாள் பெருமையாக இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நல்லா வந்திருக்கு என்றார். பிறகு போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார். அதைப் பெரிதாக்கினார்.

"அக்கா, டேப் இங்க எதுல போய் முட்டுது?"

"டிரம்முல சார்."

"டிரம்முக்கு அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரு."

"அப்ப வராண்டா டிரம்மோட முடியலையே? அதுக்கு அடியிலயும் தளம்தானே இருக்கு?"

எனக்கு ஒரு நிமிஷம் அவர் என்ன கேட்கிறார் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் காது சூடாகிவிட்டது. எங்கள் வராண்டாவில் கைப்பிடிச் சுவரை ஒட்டி, எட்டு வீட்டுக்கும் முன்னால், இடுப்பளவு உயரத்தில் நீல டிரம்கள் நிற்கும். வீட்டுக்கு இரண்டு. அவற்றின் இடுக்கில் பச்சையும் ஆரஞ்சுமாகக் குடங்கள். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வருகிற அன்று கீழே பம்பில் பிடித்து, குடத்தில் கயிறு கட்டி மூன்றாவது மாடிக்கு இழுத்து, கைப்பிடிச் சுவருக்கு மேலாக வாங்கி அப்படியே டிரம்மில் கவிழ்ப்போம். அதனால் டிரம் அங்கேதான் இருக்கும். நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது. எனக்கு வராண்டா என்றால் நடக்கிற இடம். டிரம் நிற்கிற இடம் தண்ணீர் இடம், அது வராண்டாவே இல்லை. அதனால்தான் டேப்பை டிரம்மில் வைத்து அளந்துவிட்டு, சரியாக அளந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எடை கொடுக்கும்போதும் அந்தத் தண்ணீர் என் நினைவுக்கு வரவேயில்லை.

"நாலடி இருக்கும் அக்கா" என்றார் இன்ஜினியர், மெதுவாக. "ஒரு டிரம் இருநூறு லிட்டர். இருநூறு கிலோ. அதுவும் வெளி ஓரத்துல."

மவுஸை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த மரியாதைக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

இரண்டரையை அழித்து நாலு என்று போட்டேன். டிரம்களை ஏற்றினேன். எங்களுடையது இரண்டு, பக்கத்து வீட்டுக்கு இரண்டு என்று எட்டு வீட்டுக்கும். குடங்களை எண்ணி ஏற்றினேன். கைப்பிடிச் சுவரின் எடையையும் நான் விட்டிருந்தேன், அதையும் ஏற்றினேன். பட்டனை அழுத்திவிட்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி ஓரக்கண்ணால் பார்த்தேன்.

சிவப்பு. ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. டிரம் நிற்கிற ஓரம் நீலமாகவே இருந்தது. சிவப்பு வராண்டா தொடங்குகிற இடத்தில், சுவரை ஒட்டி, தளத்தின் மேல்பக்கத்தில், வீட்டு வாசற்படிகளின் வரிசை முழுக்கக் கோடு கிழித்தது போல ஓடியது. நுனியில் ஏறுகிற பாரமெல்லாம் வேரில் போய்த்தான் பிய்க்கிறது. மேல்பக்கம் இழுபடுகிறது, அதனால்தான் கம்பி மேலே. இருபது வருஷமாகக் கம்பியை மேலே வரைந்த கைக்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. ஐயோடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

சின்ன வயதில் அம்மா ஓயாமல் கத்துவாள், ஓரத்துக்குப் போகாதே, ஓரத்துக்குப் போகாதே என்று. இப்போது என் பெண்களிடமும் அதையே கத்துகிறாள். இந்தப் படத்தின்படி ஆபத்து ஓரத்தில் இல்லை. தினமும் காலையில் தண்ணீர் தெளித்துக் கழுவி அம்மா கோலம் போடுகிற இடம் இருக்கிறதே, அங்கே இருக்கிறது. அந்தக் கம்பி கண்ணுக்கும் தெரியாது. வராண்டாவின் அடியில் காரை பெயர்ந்து கம்பி துரு ஏறித் தொங்குவதைக் கீழே நின்று நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடியே அப்படி என்றால், நாற்பது வருஷமாகத் தண்ணீர் குடித்த மேல் கம்பி எப்படி இருக்கும்?

இன்ஜினியர் திரும்பி வந்து பார்த்தார். "இது மாடல்தான் அக்கா. உள்ள கம்பி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நமக்குத் தெரியாது. நாம போட்டது ஒரு உத்தேசம். இதைவிட நல்லாவும் இருக்கலாம், மோசமாவும் இருக்கலாம். ஆனா எழுதிக் குடுங்க. யாராவது வந்து தட்டிப் பார்க்கணும்" என்றார்.

எழுதிக் கொடுங்கள் என்று சொல்வது அவருக்குச் சுலபம். அவர் வீடு கே.கே. நகரில். எங்கள் கட்டடத்தைப் பற்றி 'பாதுகாப்பில்லை' என்று ஒரு தாளில் எழுதி, அதற்குப் பொறுப்பான ஆபீசில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பெரியம்மா குடும்பத்தை ஆற்றோரத்திலிருந்து தூக்கி ஊருக்கு வெளியே போட்டார்கள். அங்கே வீடு புதுசுதான், தண்ணீரும் வருகிறது. ஆனால் அவள் வேலை செய்த வீடுகளெல்லாம் இங்கே இருக்கின்றன. இரண்டு பஸ் மாறி வந்து பார்த்தாள், நாலு மாதத்தில் எல்லா வீடும் வேறு ஆள் வைத்துக்கொண்டன. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. மயிலாப்பூருக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருக்கிறவரைக்கும்தான் அவளுக்கு வேலை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டுப் பெண்களையும் வராண்டாவில் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான், எல்லோரும் சேர்ந்து அங்கே நிற்பதும் பாரம்தானே என்று உறைத்தது. எங்கள் அறைக்குள் உட்கார வைத்துச் சொன்னேன். முதலில் இரண்டரை அடி என்று தப்பாக அளந்ததையும் சொல்லி, மொபைலில் சிவப்புப் படத்தைக் காட்டினேன்.

கடைசி வீட்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "எல்லாம் சரிம்மே. இத்த எவன்கிட்டயும் காட்டாத. காட்டினன்னு வெய்யி, நாளக்கே லாரி வந்து நிக்கும். சாமான ஏத்துன்னுவான்."

"விழுந்தா இன்னா பண்ணுவ?" என்றேன்.

"நாப்பது வருசமா வுயல. உன் கம்ப்யூட்டர் வந்துதான் வுயணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். என் பெண்கள் இரண்டு பேரும் தினமும் அந்த வாசற்படியில்தான் கால் வைக்கிறார்கள், உன் பேரனும் அங்கேதான் விளையாடுகிறான் என்று கத்தினேன். அம்மாதான் முடிவு சொன்னாள்.

"தண்ணிய உள்ள கொணாந்துட்டா?"

அது சரியான கேள்வி. அறைக்கு நாலு பக்கமும் தாங்கல் இருக்கிறது. சுவர் ஓரமாக டிரம்மை வைத்தால் ஒன்றும் ஆகாது. "அது செஞ்சா பரவால்லம்மா" என்றேன்.

"அப்ப அத்தச் செய்வோம். எய்திக் கிய்தி ஒண்ணும் குடுக்காத" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் அதற்கு முன்பே மனு எழுதி மடித்து என் கைப்பையில் வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் பதினாறு டிரம்மும் உள்ளே போய்விட்டன. எங்கள் அறையில் அம்மா படுக்கிற மூலையில் இரண்டு டிரம்மும் எட்டுக் குடமும் நின்றன. அம்மா தன் பாயை எடுத்துக்கொண்டு போய், டிரம் நின்ற இடத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டி விரித்துப் படுத்தாள்.

"அம்மா, உள்ள வந்து படு. நாங்க ஒண்டிக்கறோம்."

"எங்க ஒண்டுவ? இங்க காத்து நல்லா வருது. அந்த மாமி சொல்லும், 'காத்தாட உக்காண்டிருக்கேன்'னு. அந்த மாரி நானும் காத்தாடக் கீறேன்" என்று மயிலாப்பூர் வீட்டு அம்மாள் மாதிரியே பேசிக் காட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "நான் எவ்ளோ கனம் இருப்பேன்டி? அத்தயும் உன் கம்ப்யூட்டர்ல போடு."

ஒரு வாரத்தில் மற்ற வீடுகளிலும் அதுதான் நடந்தது. டிரம் உள்ளே போன வீட்டிலெல்லாம் ஒரு வயதானவர் வெளியே வந்தார். கடைசி வீட்டு அக்காவின் மாமனார், நடுவீட்டுத் தாத்தா, ஆஸ்துமாக்காரர் ஒருவர் என்று டிரம் நின்ற வரிசையில் பாய்கள் விரிந்தன.

ஆபீசில் மாடலைத் திறந்து தண்ணீரையெல்லாம் அழித்தேன். புதிதாக ஏற்றுகிற ஒவ்வொரு எடைக்கும் ஒரு பெயர் கொடு என்று கேட்கும். 'அம்மா' என்று அடித்தேன். ஐம்பத்திரண்டு கிலோ. மற்ற ஏழு பேரையும் உத்தேசமாக ஏற்றினேன். பட்டனை அழுத்தினேன். சிவப்பெல்லாம் போய் மஞ்சளும் பச்சையுமாக வந்தது. "பரவாயில்லையே அக்கா, பாஸ்" என்றார் இன்ஜினியர். பட்டியலில் இருந்த பெயரைப் பார்த்தார். மெதுவாகத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது. சாரல் வராண்டா முழுக்க அடித்தது. எழுந்து பார்த்தால், அம்மா நனைந்த பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் கால்மாட்டில் டிரம் மூடி மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். காலைத் தொங்கப்போட்டு, தலையைச் சுவரில் சாய்த்து, அப்படியே தூங்கிக்கொண்டிருந்தாள். எப்போது உள்ளே வந்தாளோ தெரியாது, எங்களை எழுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே விழித்து, இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். எனக்குத் தாங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. ஆபீசுக்கு லேட் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த மனுவைக் கட்டடத்துக்குப் பொறுப்பான ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தினார்கள், வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேம்மா."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கீரையை உதறி முறத்தில் போட்டாள்.

"அகலம் இன்னான்னு போட்ட?"

"நாலடி."

"மொதல்ல நீ ரெண்டரைன்னு போட்டியே" என்றாள், தலை நிமிராமல். "அப்ப ஒண்ணும் ஆவாதுன்னுதான வந்துச்சு. அத்தயே எய்திக் குடுத்திருந்தா நம்மள உட்டுருப்பாங்கல்ல?"

கொடியில் காய்ந்திருந்த அவள் பாயை எடுத்து உள்ளே வைத்தேன்.